பழைய வீட்டிலிருந்து கிடைத்த தேவதாருப் பலகை: துணிப்பெட்டி செய்யலாமா?

சோலன்_செந்தில் எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் கரூர். வேலைக்காக 6 வருடமாக இமாச்சலத்தில் சோலன் பக்கம் இருக்கிறேன். விடுமுறை நாளில் மட்டும் மரவேலை. இதுவரை பைன் பலகையிலும் மிச்சத் தேக்கிலும் ஸ்டூல், சின்ன அலமாரி என்று செய்திருக்கிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டு உரிமையாளரின் அண்ணன் கிராமத்தில் இருந்த பழைய வீட்டைப் பிரித்தார். மாடித் தளத்தில் கிடந்த பலகைகளில் 7 பலகையை எனக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். இங்கே இதைத் 'தியார்' என்கிறார்கள், சிலர் 'கேலோன்' என்கிறார்கள். நம் தேவதாருதான். மேலே சாம்பல் பூத்து, புகை படிந்து, விறகு மாதிரி இருந்தது. ஒரு மூலையில் இழைப்புளியை ஓட்டிப் பார்த்தேன். முதல் இழுப்பில் கருப்புத் தூள். இரண்டாவதில் தேன் கலந்த மஞ்சளில் சுருள் சுருளாக வந்தது. அப்புறம் வந்த வாசத்தை எப்படிச் சொல்வது? கோயில் கர்ப்பக்கிரகத்தை நாலு நாள் பூட்டி வைத்துத் திறந்தால் வருமே, அதோடு கொஞ்சம் எலுமிச்சைத் தோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பட்டுச் சேலைகளுக்கும் என் கம்பளித் துணிகளுக்கும் ஒரு மூடிபோட்ட பெட்டி செய்து ஊருக்குக் கொண்டுபோக ஆசை. இந்த மரத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். ஆணி அடிக்கலாமா, இணைப்பு வெட்ட வேண்டுமா? உள்ளே பாலிஷ் போடலாமா? கரூர் வெயிலுக்குத் தாங்குமா? உண்மையிலேயே பூச்சி வராதா? இன்னொரு சந்தேகமும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் தேவதாரு என்று கட்டை விற்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

தென்காசி_ஆசாரி எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நம் பக்கத்தில் தேவதாரு, தேவதாரம், செம்புளிச்சான் என்று சொல்வது வேறொரு மரம். வறண்ட குன்றுகளில் புதர் மாதிரி வளரும். கட்டை சிவந்த பழுப்பு, நல்ல கனம், லேசாகச் சந்தன வாசம் அடிக்கும். அதிலிருந்து பலகை எடுக்க முடியாது. ஊன்றுகோல், கடைசல் பொருள்கள் செய்வோம். மருந்துக் கடையில் இமயமலைக் கட்டையும் வரும், இந்த ஊர்க் கட்டையும் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதே மாதிரி மரக்கடையில் 'ரெட் சிடார்' என்று சந்தன வேம்பைக் கொடுப்பார்கள். அது வேப்ப மரத்துக்குச் சொந்தக்காரன், இலை உதிர்க்கும் மரம். வாசம் இருக்கும், நல்ல மரமும்கூட. ஆனால் அதற்கும் சிடாருக்கும் உறவில்லை. உங்களிடம் இருப்பதுதான் அசல் சிடார்.

என் அப்பா காலத்தில் ஒரே ஒரு முறை எங்கள் பட்டறைக்கு இந்த மரம் வந்தது. ஒரு ராணுவ அதிகாரி மாற்றலாகி வரும்போது கூடவே கொண்டுவந்த பெட்டி, மூடி உடைந்திருந்தது. அந்த மூடியைச் சரிசெய்த ஒரு வாரமும் பட்டறையில் வேறு வாசமே இல்லை. அப்பா அந்தச் சிராயை அள்ளித் தன் துணிப்பெட்டியில் போட்டு வைத்தார்.

டேராடூன்_வாசி எழுதியது:

நான் டேராடூனில் 11 ஆண்டு மர வியாபாரத்தில் கணக்கு எழுதியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இது ஊசியிலை மரம். 'சாஃப்ட்வுட்' என்று சொல்வதால் மரம் மெத்தென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை இனங்களுக்கு அது ஒரு வகைப் பெயர், அவ்வளவுதான். ஆப்கானிஸ்தானின் கிழக்கிலிருந்து பாகிஸ்தான், காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் வழியாக நேபாளத்தின் மேற்கு ஓரம் வரை, பெரும்பாலும் 1,500 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் வளர்கிறது. 40, 50 மீட்டர் உயரம் சாதாரணம். இமாச்சலத்தின் மாநில மரம் இது. பாகிஸ்தானுக்குத் தேசிய மரமும் இதுவே.

காய்ந்த மரம் ஒரு கன அடி சுமார் 16 கிலோ வரும். தேக்கைவிடக் கொஞ்சம் இலகு, பைனைவிடக் கெட்டி. ரேகை நேராக ஓடும். காயும்போது அதிகம் முறுக்காது. இத்தனையும் நல்ல குணங்கள். ஆனால் இந்த மரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது இவை எதுவுமில்லை. வைரத்துக்குள், அதாவது மரத்தின் நடுவே இருக்கும் கெட்டிப் பகுதிக்குள், இருக்கும் எண்ணெய். அதில் முக்கியமான சேர்மங்களுக்கு 'ஹிமாச்சலீன்' என்று பெயர். பனிமலையின் பெயரையே வேதியியலில் வைத்துவிட்டார்கள். நீங்கள் முகர்ந்த வாசமும் அதுதான். கரையானும் பூஞ்சையும் அண்டாமல் காப்பதும் அதுதான். நாளைக்குப் பாலிஷ் போடும்போது உங்களைப் பாடாய்ப் படுத்தப் போவதும் அதேதான். இதை ஒன்றாகப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வைரத்துக்குத்தான் இந்தக் காப்பு. ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை இருந்தால் அதை வெட்டி எறியுங்கள். அதில் எண்ணெய் குறைவு, பூச்சி முதலில் அங்கேதான் துளைக்கும்.

சோலன்_செந்தில் எழுதியது:

மூன்று பலகையில் முக்கால் அங்குல அளவுக்கு வெள்ளை ஓரம் இருக்கிறது, ஐயா. அதில் பொடிப் பொடியாகத் துளைகளும் இருக்கின்றன! வைரத்தில் ஒரு துளைகூட இல்லை. கோடு போட்ட மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

வேலூர்_சுபேதார் எழுதியது:

நல்ல உரையாடல். நான் ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரில் இரண்டு முறை பணி. அங்கே இந்த மரத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் போகாது.

தால் ஏரியில் நிற்கும் படகு வீடுகள் தேவதாருவில் கட்டியவை. வருடம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும், ஆனாலும் அடிப்பலகை பல பத்தாண்டு நிற்கும். ஸ்ரீநகர் ஜாமியா மசூதிக்குள் போனால் 370-க்கும் அதிகமான தேவதாருத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒற்றை மரம். தலையை அண்ணாந்து பார்த்தால் காட்டுக்குள் நிற்பது போல இருக்கும். சுல்தான் சிக்கந்தர் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய கட்டடம். மூன்று முறை தீப்பிடித்து, திரும்பத் திரும்பக் கட்டினார்கள். எண்ணெய் உள்ள மரம், தீ பிடித்தால் விடாது. அதையும் சொல்ல வேண்டும். ஜீலம் நதியின் பழைய பாலங்களும் தேவதாருக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிய தாங்கிகள் மேல்தான் நின்றன.

மலைக்காரர்கள் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் எண்ணெய் எடுப்பார்கள். 'கேலோன் கா தேல்' என்று பெயர். ஒரு கிராமத்தில் எடுப்பதை நேரில் பார்த்தேன். பானைக்குள் சிராய்களை அடைத்து, அடியில் துளை போட்டு, கீழே மண்ணில் புதைத்த இன்னொரு பானைமேல் வைத்து, சுற்றிலும் நெருப்பு. கீழ்ப்பானையில் கருத்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மாட்டுக்குச் சொறி வந்தால் அதைத்தான் தடவுகிறார்கள். என் பெரியப்பா சித்த வைத்தியர், சேங்கொட்டையில் குழித்தைலம் இறக்குவார். அதே முறை! 3,000 கிலோமீட்டர் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், அதே இரண்டு பானை. அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

கோவை_உளிச்சத்தம் எழுதியது:

செந்தில் அண்ணா, நான் இந்த மரத்தில் இரண்டு வேலை செய்திருக்கிறேன். ஒன்று கெட்டுப் போனது, ஒன்று நன்றாக வந்தது. கெட்டதையே விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

டெல்லியில் ஒரு பழைய சாமான் கடையில் தேவதாரு ஜன்னல் சட்டங்கள் வாங்கினேன். அதில் ஒரு படச்சட்டம் செய்து, நன்றாகத் தேய்த்து, எண்ணெய் வார்னிஷ் போட்டேன். ஒரு நாளில் காய வேண்டியது மூன்று வாரம் ஆகியும் பிசுபிசுத்தது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. கணுவைச் சுற்றி மட்டும் இன்னும் மோசம், ஈரமான தோசைக்கல் போலப் பளபளத்தது. மரத்தின் எண்ணெய் வார்னிஷோடு கலந்து அதைக் காயவிடாமல் தடுத்திருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

இரண்டாவது முறை வேறு வழியில் போனேன். இழைத்து முடித்ததும் சுத்தமான ஸ்பிரிட்டில் துணியை நனைத்து இரண்டு முறை துடைத்தேன். துணி மஞ்சளாகிவிட்டது. அரை மணி நேரம் கழித்து மெழுகு நீக்கிய அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் கணக்கில் கரைத்து மெல்லியதாக இரண்டு கை பூசினேன். அரக்கு ஸ்பிரிட் ஆவியானதும் இறுகிவிடும், அதன் பின் மரத்து எண்ணெய் அதைத் தாண்டி மேலே வருவது குறைவு. அதன் மேல் நீங்கள் எந்தப் பாலிஷும் போடலாம். நான் அரக்கோடு நிறுத்திவிட்டேன். 4 வருடம் ஆகிறது, இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பெட்டியின் உள்பக்கத்தில் ஒன்றும் பூசாதீர்கள். அரக்கும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். பூசினால் வாசத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. எண்ணெய் பூசி மூடினால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் சிக்கு வாடை வரும், துணியிலும் ஏறும்.

சோலன்_செந்தில் எழுதியது:

மிக்க நன்றி சகோதரி. ஆணி பற்றி ஒன்று கேட்கலாமா? இங்கே உள்ளூர் தச்சர் ஒருவர் ஆணி அடித்தாலே போதும் என்றார். நான் ஒரு துண்டில் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி அடித்துப் பார்த்தேன். 'டக்' என்று நீளமாகப் பிளந்துவிட்டது.

தென்காசி_ஆசாரி எழுதியது:

பிளக்கத்தான் செய்யும் தம்பி. இந்த மரத்துக்கு உறுதி உண்டு, வளைந்து கொடுக்கும் குணம் குறைவு. பூவரசு மாதிரி இழுத்தால் இழுபடாது. ஆணியோ திருகாணியோ எதுவானாலும் முதலில் துரப்பணத்தால் துளை போட்டுவிட்டு இறக்குங்கள். ஓரத்துக்கு மிக அருகில் வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்கு மூலையில் புறாவால் இணைப்பு வெட்டுங்கள், அதுதான் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் இணைப்பு. ஆனால் பற்களை ஒல்லியாக வெட்டாதீர்கள், நுனி சிதறிவிடும். தேக்கில் வெட்டுவதைவிட ஒன்றரை மடங்கு பருமன் வையுங்கள். இன்னொன்று, உளியை நன்றாகத் தீட்ட வேண்டும். கடின மரத்தில் மழுங்கிய உளி நம் கையைத்தான் வலிக்க வைக்கும். இந்த மாதிரி மரத்தில் மழுங்கிய உளி வெட்டாது, நசுக்கும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பகுதி மெத்தென்றும் ஒரு பகுதி கெட்டியாகவும் இருக்கும். மெத்தென்ற பகுதி நசுங்கிக் குழியாகும், கெட்டிப் பகுதி நிமிர்ந்து நிற்கும். இணைப்பு உட்காரும்போது இடைவெளி தெரியும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை தோல் பட்டையில் தீட்டினாலும் தப்பில்லை.

பழைய பலகை என்பதால் இழைப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். ஒடிந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தால் இழைப்புளி அலகு போச்சு.

கோவை_உளிச்சத்தம் எழுதியது:

ஐயா சொன்னதோடு பசை பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டும்போது, ஒட்டும் முகத்தை அன்றைக்கே இழைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உடனே வெள்ளைப் பசை போட்டு இறுக்குங்கள். நேற்று இழைத்து இன்று ஒட்டினால் எண்ணெய் மேலே வந்திருக்கும், பசை பிடிக்காது.

உப்புத்தாளைக் கூடியவரை தவிருங்கள். இரண்டு நிமிடத்தில் பிசினால் அடைத்துக்கொள்ளும். உள்பக்கத்துக்கு இழைப்புளி மட்டும். கூரான அலகு வெட்டிய முகம் வாசத்தைத் திறந்துவிடும், உப்புத்தாள் தூளால் அடைத்துவிடும். தூள் பறக்கும்போது முகக்கவசம் போடுங்கள். வாசம் இதமாக இருக்கிறது என்பதற்காகத் தூள் நுரையீரலுக்கு நல்லது ஆகிவிடாது.

அந்துருண்டை எழுதியது:

பூச்சி பற்றிச் சொல்லட்டுமா? எங்கள் வீட்டில் ஒரு சிடார் பெட்டி இருந்தது. அதில் வைத்த எந்தத் துணியையும் பூச்சி தொட்டதில்லை. அந்துப்பூச்சி, கரப்பான், ராமபாணம் எல்லாமே ஓடிவிடும். தைரியமாகச் செய்யுங்கள்.

டேராடூன்_வாசி எழுதியது:

நண்பரே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதில் கொஞ்சம் பிரித்துப் பேச வேண்டும், இல்லையென்றால் செந்திலின் அம்மா பட்டுச் சேலையை நம்பி வைத்துவிட்டு வருத்தப்படுவார்கள்.

துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. கம்பளி, பட்டு, இறகு இவைதான் அதற்குச் சாப்பாடு. சிடார் எண்ணெயின் ஆவி முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குட்டிப் புழுவைக் கொல்லும். வளர்ந்த புழு மேல் அந்த அளவுக்கு வேலை செய்யாது. பறக்கும் பூச்சியைக் கொல்லும் என்றும் நம்ப வேண்டாம். அதனால் ஏற்கெனவே முட்டையோ புழுவோ உள்ள கம்பளியை அப்படியே பெட்டியில் வைத்தால் பெட்டி காப்பாற்றாது. துவைத்து, வெயிலில் நன்றாக உதறிக் காயவைத்து, பிறகு வைக்க வேண்டும். மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஆவி வெளியே போய்விடும், உள்ளே நிற்காது.

ராமபாணத்துக்குக் கம்பளியைவிடக் கஞ்சி போட்ட பருத்தியும் காகிதமும்தான் பிடிக்கும். அது ஈரமான மூலையைத் தேடி வருவது. தரையில் படாமல் பெட்டிக்குக் கால் வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிடாரைவிட அது அதிகம் உதவும்.

அந்துருண்டை எழுதியது:

எங்கள் அம்மா துணியைத் துவைத்து உப்பரிகையில் காயப்போட்டுத்தான் வைப்பார்கள். நீங்கள் சொன்னதும் அது ஞாபகம் வருகிறது. பெட்டிக்குள் வசம்பும் போட்டு வைப்பார்கள். சரிதான், பாதிப் பெருமையைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டேன், அம்மாவுக்கும் கொடுக்க வேண்டும்.

சோலன்_செந்தில் எழுதியது:

பட்டு நேரடியாக மரத்தில் படலாமா?

கோவை_உளிச்சத்தம் எழுதியது:

வேண்டாம் அண்ணா. எண்ணெய் கறையாகும், பட்டில் விழுந்தால் போகாது. கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்து அடியிலும் பக்கத்திலும் விரித்து, சேலைகளையும் அதிலேயே சுற்றி வையுங்கள். சரிகை மடிப்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றி மடிக்கச் சொல்லுங்கள். அப்போதே பெட்டியும் திறந்து காற்றாடும்.

கூடலூர்_காடு எழுதியது:

எல்லோரும் மரத்தின் குணத்தைப் பேசிவிட்டீர்கள். இது எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும்.

இந்த மரம் கெடாமல் நிற்கும் என்பதாலேயே ஒரு காலத்தில் காடு காடாக வெட்டினார்கள். ரயில் பாதை போட்டபோது தண்டவாளத்துக்கு அடியில் வைக்க ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டியிருந்தன. மருந்தேற்றாமலே மண்ணில் தாங்கும் மரங்களாகத் தேக்கு, சால், தேவதாரு மூன்றைத்தான் நம்பினார்கள். பாகீரதிப் பள்ளத்தாக்கில் ஹர்சில் என்ற ஊரில் ஃபிரெடெரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர் இருந்தார். 'பஹாடி வில்சன்' என்பார்கள். மலைமேல் வெட்டிய கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பிப் பெரும் பணக்காரர் ஆனார். காடு இப்படியே போனால் கட்டையே கிடைக்காது என்று பயந்துதான் அரசு 1864இல் டீட்ரிக் பிராண்டிஸை முதல் வனத் தலைமை அதிகாரியாக வைத்தது. காட்டின் மேல் அன்பு வந்து வைத்ததில்லை.

எங்கள் ஊர்ச் சம்பந்தமும் இதில் உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளை வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தை (கேரளத்து அரச குடும்பம்) சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி அந்த வழக்கில் வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்டது. இங்கே ஒரு மலையில் தொடங்கிய வழக்கு அங்கே இமயத்துத் தேவதாருவையும் காத்தது. எனக்கு இதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அதனால் செந்தில், உங்களிடம் இருப்பது பிரித்த வீட்டுப் பலகை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. இனிமேலும் இந்த மரம் வேண்டும் என்றால் பழையதையே தேடுங்கள். ஒரு முழு மரத்துக்கு 100, 150 ஆண்டு வளர்ச்சி இருக்கும். அதை ஒரு துணிப்பெட்டிக்காக வெட்டக் கூடாது. பலகையாகவோ பெட்டியாகவோ மாநில எல்லையைத் தாண்டும் முன் அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டைப் பிரித்ததற்கு வீட்டுக்காரரின் அண்ணனிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோலன்_செந்தில் எழுதியது:

நாளைக்கே வனச்சரக அலுவலகம் போகிறேன், ஐயா. அந்த வீட்டையும் பிரிக்கும்போது நேரில் பார்த்தேன். ஒரு வரிசை கல், ஒரு வரிசை தேவதாரு உத்தரம், மறுபடி கல், மறுபடி உத்தரம். இடையில் சாந்து கிடையாது. மூலையில் மட்டும் உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பூட்டியிருந்தன. இங்கே இதைக் 'காத் குனி' என்கிறார்கள். காத் என்றால் மரம், குனி என்றால் மூலை.

டேராடூன்_வாசி எழுதியது:

அந்த மூலைதான் சூட்சுமம். நிலம் ஆடும்போது கல்லும் மரமும் சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து திரும்ப உட்காரும். 1905 காங்ரா நிலநடுக்கத்தில் எத்தனையோ கட்டடம் விழுந்தது, குல்லுவில் இந்த முறையில் கட்டிய நக்கர் கோட்டை நின்றது. மணாலி ஹிடிம்பா கோயில் 1553இல் கட்டியது, சுற்றிலும் தேவதாருக் காடு. ஒரு முறை போய் அதன் கதவுச் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், ஆனால் செதுக்கிய விளிம்பு இன்னும் விரலுக்குத் தட்டுப்படும்.

தென்காசி_ஆசாரி எழுதியது:

கேட்கவே நன்றாக இருக்கிறது. சரி, பெட்டிக்கு வருவோம். கரூர் வெயிலைக் கேட்டிருந்தீர்கள். நான்கு பக்கப் பலகையிலும் ரேகை ஒரே திசையில் சுற்றிவர வேண்டும். அப்போது விரிந்தாலும் சுருங்கினாலும் நான்கும் சேர்ந்தே போகும், மூலை விடாது. அடிப்பலகையையும் மூடியையும் பசை போட்டு இறுக்காதீர்கள். சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி அதில் பலகையைச் சும்மா நிறுத்துங்கள். சித்திரையில் சுருங்கும், ஐப்பசியில் விரியும், அதுபாட்டுக்குப் போய்வரட்டும். கணு உள்ள பாகத்தை உள்பக்கம் வைக்காதீர்கள். வெயிலில் கணுவில் பிசின் முத்து முத்தாக வரும்.

சோலன்_செந்தில் எழுதியது:

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். பெட்டி முடிந்தது.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரம் 17 அங்குலம். வெள்ளை ஓரம் முழுவதையும் வெட்டி எறிந்தேன். காந்தம் ஓட்டியதில் 11 ஒடிந்த ஆணிகள் கிடைத்தன. எடை சுமார் 30 கிலோ, இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். வனச்சரக அலுவலகத்தில் கடிதத்தைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதித் தந்தார்கள்.

புறாவால் இணைப்பில் மூன்று மூலை நன்றாக வந்தது. நான்காவதில் ஒரு பல் ஓரத்தில் சிதறியது. அன்று உளியைத் தீட்டாமல் அவசரப்பட்டேன். அதே பலகைத் துண்டில் சின்ன ஆப்பு சீவிப் பசை வைத்துச் சொருகினேன், பார்த்தால் தெரிகிறது. வெளியே ஸ்பிரிட் துடைப்பு, பிறகு அரக்கு மூன்று கை. உள்ளே இழைப்புளி முகம் மட்டும். மூடியில் ஒரு கணுவைத் தவிர்க்க முடியவில்லை, அதை வெளிப்பக்கம் திருப்பிவிட்டேன். கரூர் போய்ச் சேர்ந்த நான்காம் நாளே அந்தக் கணுவில் கடுகளவு பிசின் வந்தது. ஸ்பிரிட் துணியால் துடைத்து அரக்கு ஒரு சொட்டு வைத்தேன், பிறகு வரவில்லை.

அம்மா முதல் வேலையாக வேட்டி விரித்தார். கல்யாணப் பட்டை அடியில் வைத்தார். என் கம்பளியை இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்த பிறகுதான் உள்ளே சேர்த்தார். அந்துருண்டை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், வசம்பை மட்டும் விடவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வாசம் குறைந்தால் என்ன செய்வது?

கோவை_உளிச்சத்தம் எழுதியது:

அருமை அண்ணா! ஆப்பு வைத்த மூலையையும் படம் போடுங்கள். வாசம் குறைந்தால் உள்பக்கத்தைக் கூரான இழைப்புளியால் ஒரே ஒரு மெல்லிய சுருள் எடுங்கள், போதும். மேலே இருக்கும் எண்ணெய்தான் பறந்திருக்கும், உள்ளே அப்படியே இருக்கும். அதற்காகத்தான் பலகையைக் கனமாக வைப்பது. பெட்டி வேலையில் விழுந்த சுருள்களை எறிந்துவிட்டீர்களா?

சோலன்_செந்தில் எழுதியது:

இல்லை. இரண்டு அரிசிப் பை நிறைய வைத்திருக்கிறேன். தென்காசி ஐயாவுக்கு ஒன்று அனுப்பலாம் என்று இருக்கிறேன், முகவரி தனிச் செய்தியில் கொடுங்கள் ஐயா.

தென்காசி_ஆசாரி எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. அப்பாவின் துணிப்பெட்டி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.